ஓவர்டைம் என்று சொல்லிவிட்டுப் படித்தவர்

இந்தத் திருமண வரவேற்புக்குத் தலைமை ஏற்றிருக்கும் மணமகளின் சித்தப்பா, பண்பாளர் பரமசிவம் அவர்களே, பெண்ணைப் பெற்றெடுத்த பெருமாட்டி பூவம்மா அவர்களே, மணக்கோலத்தில் மின்னும் திவ்யதர்ஷினி, லியோனல் இருவருமே, புக்கிட் பாத்தோக்கிலிருந்து பஸ் ஏறியும் மார்சிலிங்கிலிருந்து ரயில் ஏறியும் வந்து நிறைந்திருக்கும் சான்றோர்களே, வாழ்த்துவதற்கென்றே வாய் படைத்த தாய்மார்களே, சாப்பாட்டை எப்போது போடுவார்கள் என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் உண்மை விளம்பிகளே, உங்கள் அனைவருக்கும் உர்சுலாவின் உளங்கனிந்த வணக்கம்.

யார் இந்த அம்மாள் என்று முன்வரிசையில் ஒரு முணுமுணுப்பு கேட்கிறது. நிகழ்ச்சி நிரலில் 'அப்பாவின் நண்பர்' என்று என்னைப் போட்டிருக்கிறார்கள். நட்பு உண்மைதான். ஆனால் நான் ஓர் ஆங்கில ஆசிரியை. முப்பது ஆண்டுகள் உயர்நிலைப் பள்ளியில் கற்பித்தவள். இப்போது சனிக்கிழமை பிற்பகலில், புக்கிட் மேராவில் ஓர் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தள அறையில் பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். அந்த வகுப்பில் இரண்டாண்டு காலம் முதல் பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்தான் மணமகளின் தந்தை, பேருந்து ஓட்டுநர் ரத்னவேல் அண்ணன்.

பூவம்மா அக்கா, அப்படிப் பார்க்காதீர்கள். சனிக்கிழமைகளில் ஓவர்டைம் என்று அவர் உங்களிடம் சொன்னது பொய்தான். அதற்கான தண்டனையைச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுங்கள்.

ஏன் வந்தார்? சம்பளம் உயரவா? பதவி கிடைக்கவா? முதல் நாளே கேட்டேன். தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு சொன்னார். "நான் தமிழ்ல பேசினா என் மக ஒரு 'ம்' போடுவா, அவ்வளவுதான் டீச்சர். சிரிச்சாலும் சண்டை போட்டாலும் இங்கிலீஷ்லதான். அவ கல்யாணத்துல அவ மனசுக்குப் போய்ச் சேர்ற மாதிரி நாலு வார்த்தை பேசணும்." நான் ஆசிரியை அல்லவா, மனம் இளகியதைக் காட்டிக்கொள்ளாமல் வருகைப் பதிவை எடுத்து நீட்டினேன்.

கல்யாண மேடையில் இலக்கணம் பேசுவேன் என்று நீங்கள் எதிர்பார்த்திருக்க மாட்டீர்கள். பேசத்தான் போகிறேன், பொறுத்தருள வேண்டும். ஆங்கிலத்தில் பாஸ்ட் பெர்ஃபெக்ட் என்று ஒரு காலம் இருக்கிறது. நடந்து முடிந்த இரண்டு செயல்களில் எது முந்தி, எது பிந்தி என்று காட்ட வந்த காலம் அது. நான் நிறுத்தத்துக்குப் போனேன், அதற்கு முன்பே பஸ் போய்விட்டிருந்தது. 'வென் ஐ ரீச்ட் தி ஸ்டாப், தி பஸ் ஹேட் லெஃப்ட்.' போனது பிந்தியது, அதற்குச் சாதாரண இறந்தகாலம் போதும். பஸ் கிளம்பியது முந்தியது, அதற்குத்தான் 'ஹேட்' என்ற கிரீடம். ஆனால் நம்மவர்களுக்கு அந்தக் கிரீடத்தின் மேல் ஒரு காதல். 'ஐ ஹேட் கான் டு தேக்கா எஸ்டர்டே' என்பார்கள். நேற்றுத் தேக்கா சந்தைக்குப் போனதைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லையே, ஐயா. ஒற்றைச் செயலுக்கு எதற்குக் கிரீடம்? 'ஐ வென்ட்' என்றால் முடிந்தது. அதோ சிரிக்கிறார் ஒருவர். நேற்றுத் தேக்காவுக்குப் போனவர் அவர்தான் போலிருக்கிறது.

என் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. புத்தகத்திலிருந்து வாக்கியம் எடுக்கக் கூடாது, சொந்த வாழ்க்கையிலிருந்துதான் எழுத வேண்டும். ரத்னவேல் அண்ணன் எழுதினார். நான் வீட்டுக்குப் போனபோது, அவர்கள் கேக் வெட்டிவிட்டிருந்தார்கள். நான் சரி போட்டேன். நான் பள்ளிக்கூடத்துக்குப் போனபோது, என் மகளின் நடனம் முடிந்துவிட்டிருந்தது. சரி போட்டேன். நான் பட்டமளிப்பு மண்டபத்துக்குப் போனபோது, படம் எடுப்பவர் கிளம்பிவிட்டிருந்தார். சரி போட்டேன். வாரம் தவறாமல் எழுதினார், வாரம் தவறாமல் சரி போட்டேன். போன மாதம் எழுதினார். நான் மகளிடம் கேட்டபோது, திருமணப் பதிவுக்கு அவள் சாட்சியைத் தேர்ந்தெடுத்துவிட்டிருந்தாள். பெரிதாக ஒரு சரி போட்டு, பக்கத்தில் 'எக்ஸலன்ட்' என்றும் எழுதினேன்.

எக்ஸலன்ட். பெற்ற மகளின் திருமணத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட ஆசைப்பட்ட ஒரு தகப்பன், அந்த இடம் தனக்கு இல்லை என்று எழுதுகிறார். நான் வினைச்சொல்லைப் பார்த்தேன், மனிதரைப் பார்க்கவில்லை. முப்பது ஆண்டு கற்பித்தவளின் கண் அவ்வளவுதான் கண்டது. அதற்காக இந்தச் சபையில் வெட்கப்படுகிறேன்.

பார்த்தவர் யார் தெரியுமா? பக்கத்தில் உட்கார்ந்திருந்த சம்சுன்னிசா. பள்ளிக்கூட உணவகத்தில் மீ கோரேங் நூடுல்ஸ் விற்பவர். எட்டிப் பார்த்துப் படித்தார், பேனாவைக் கீழே வைத்தார். "அண்ணே, நீங்க போற இடத்துல எல்லாமே முடிஞ்சுதான் கெடக்குமா? உங்களுக்காக யாருமே கொஞ்சம் வெய்ட் பண்ண மாட்டாங்களா?" என்று கேட்டார்.

அண்ணன் நிமிர்ந்து பார்க்கவில்லை. "நான் ஓட்டுற பஸ் லேட்டானா அறுபது பேர் லேட்டு லா, தங்கச்சி. அவங்களும் வீட்டுக்குப் போகணுமில்ல" என்றார்.

சபையோரே, அந்தப் பதிலை எண்ணிப் பாருங்கள். இந்த ஊரில் எத்தனை வீட்டில் எத்தனை அப்பாக்கள் நேரத்துக்குப் போய்க் கேக் வெட்டியிருப்பார்கள்? எத்தனை அம்மாக்கள் ஓட்டமாய் ஓடிப்போய்ப் பிள்ளையின் நடனத்தைப் பார்த்திருப்பார்கள்? அவர்களை ஏற்றிச் சென்றது யார்? மழையிலும் இறக்கிவிட்டது யார்? ஊரையெல்லாம் நேரத்துக்கு வீட்டில் சேர்த்துவிட்டு, தன் வீட்டுக்கு மட்டும் தாமதமாய்ப் போனவர் யார்?

அதற்காக மகளைக் குறை சொல்வேன் என்று நினைக்காதீர்கள். மாட்டவே மாட்டேன். மெழுகுவத்தி உருகி ஒழுகும்வரை வாசலைப் பார்த்துக்கொண்டு நின்ற பிள்ளை அது. எத்தனை முறைதான் பார்க்கும்? கடைசியில், சாட்சிக் கையெழுத்துப் போட வரக்கூடிய சித்தப்பாவைக் கேட்டுவிட்டது. பரமசிவம் அவர்களே, நீங்கள் தலையைக் குனிய வேண்டியதில்லை. கூப்பிட்டபோதெல்லாம் வந்த நல்ல மனிதர் நீங்கள். இங்கே குற்றவாளி என்று எவரும் இல்லை. உழைத்த தகப்பனும் இருக்கிறார், ஏங்கிய மகளும் இருக்கிறாள், இருவருக்கும் நடுவில் பேசப்படாத சொற்கள் மலையாய்க் குவிந்து கிடக்கின்றன.

இதையெல்லாம் சபையில் சொல்லலாமா என்று நேற்று அவரையே கேட்டேன். "சொல்லுங்க டீச்சர். நான் சொன்னா அழுதுருவேன்" என்றார். சொல்லிக்கொண்டே ஒரு தாளை நீட்டினார். இரண்டாண்டு படிப்பின் பலன், ஒரே ஒரு பக்கம். இன்று பேசுவதற்காக எழுதியதாம். நிகழ்ச்சி நிரலில் தன் பெயர் இல்லை என்பது தெரிந்தும் எழுதியிருக்கிறார். சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். ஒரு முறை படித்தேன், இரண்டாம் முறை படித்தேன், மூன்றாம் முறை எழுத்துகளே தெரியவில்லை, கண் நிறைந்துவிட்டது. "தப்பு இருக்கா டீச்சர்?" என்று கேட்டார். "இருக்கு அண்ணே. ஒண்ணையும் மாத்தாதீங்க, அப்படியே பேசுங்க" என்றேன்.

தலைவர் அவர்களே, எனக்குப் பத்து நிமிடம் தந்தீர்கள். பாதியைத்தான் செலவழித்திருக்கிறேன். மீதியை மணமகளின் தந்தைக்குத் தருகிறேன். உங்கள் அனுமதி வேண்டும். தலையசைத்துவிட்டீர்கள், நன்றி.

ரத்னவேல் அண்ணே, வாசலில் பன்னீர் தெளித்தது போதும். செம்பை யாரிடமாவது கொடுத்துவிட்டு மேடைக்கு வாருங்கள். என்ன, கை காட்டி வேண்டாம் என்கிறீர்களா? கால் வரவில்லையா? அறுபது பேரை ஏற்றிக்கொண்டு நகரம் முழுக்கச் சுற்றியவருக்கு இந்த நாற்பது அடி தூரமா?

மணமகளே, நீங்கள் ஏன் எழுந்துவிட்டீர்கள்? படியைப் பார்த்து அம்மா, புடவை தடுக்கும். லியோனல், மாலையை வாங்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். நடுவில் நாற்காலி போட்டிருப்பவர்கள் தயவுசெய்து வழி விடுங்கள், மகள் வாசலுக்குப் போகிறாள்.

பிடித்துவிட்டாள் கையை.

இனி நான் பேசக் கூடாது. இருவரும் மெதுவாகத்தான் வருகிறார்கள், வரட்டும். அவசரமில்லை, அண்ணே. நீங்கள் வந்து சேரும்வரை இந்தச் சபை காத்திருக்கும். பொறுமையோடு கேட்ட பெரியோர்களுக்கும், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும் தாய்மார்களுக்கும் என் நன்றி. மணமக்கள் மனம் விட்டுப் பேசி மகிழ்ந்து வாழ்க. ஒலிபெருக்கியை அவருக்காக இங்கே வைத்துவிட்டு விடைபெறுகிறேன், வணக்கம்.