தள்ளி வைத்த கல்

படகில் நான்கு பேர். நான். கிளியனூர் அந்தோணி. சிட்டகாங் பாய்கள் இருவர். பெயர் கேட்க நேரமில்லை. ஆறுமுகம் இல்லை. மறுபடியும் எண்ணுகிறேன். நான்குதான்.

கப்பல் சாய்கிறது. அந்தோணி கத்துகிறான்.

"துடுப்ப வலிடா! கப்பலு இழுத்துக்கும், ஜல்தி!"

நாற்பத்து மூன்றாம் வருஷம், மாசி மாதம். செவ்வாய்க்கிழமை. அப்போதுதான் விடிந்திருந்தது. கல்கத்தாவில் கரி ஏற்றிக் கொழும்புக்குப் போன சரக்குக் கப்பல். ஜப்பான் சப்மரைன் தண்ணீருக்கு அடியிலிருந்து அடித்தது. சத்தம் பெரிதாக இல்லை. யாரோ கோபத்தில் கதவைச் சாத்தின மாதிரி. டம். அவ்வளவுதான்.

ஆறுமுகமும் நானும் பாய்லருக்குக் கரி அள்ளிப் போடுகிறவர்கள். முறை மாறி நான் மேலே வந்திருந்தேன். அவன் கீழே. அடி விழுந்ததும் இரும்புக் கதவு சாத்தப்பட்டது. தண்ணீர் மற்ற அறைகளுக்குப் பரவக் கூடாதென்று. உள்ளேயிருந்து கரி அள்ளும் ஷவலால் இடித்தார்கள். டங். டங். கதவின் திருகுசக்கரத்தைப் பிடித்துத் தொங்கினேன். அசையவில்லை. அந்தோணி என் சட்டையைப் பிடித்து இழுத்துப் போனான்.

இப்போது எங்களுக்குக் காவலாக வந்த போர்க்கப்பல் சுற்றிச் சுற்றி வருகிறது. பீப்பாய் போன்ற குண்டுகளைத் தண்ணீருக்குள் உருட்டுகிறது. சத்தம் காதுக்கு வருமுன் காலடிப் பலகை அதிர்கிறது. பிறகு சப்மரைனின் எண்ணெய் மேலே வந்தது. கறுப்பாக, பரவிக்கொண்டே. நடுவில் ஒற்றைச் செருப்பு. அந்தோணி கை கொட்டினான். நானும் கொட்டினேன். பாதியில் நின்றுவிட்டேன். அவர்களுக்கும் ஒரு கதவு இருக்குமே.

சித்திரையில் விழுப்புரம் ஸ்டேஷனில் இறங்கினேன். ஆறுமுகத்துக்கும் எனக்கும் ஒரே ஊர். தெற்கே, பெண்ணையாற்றங்கரை. அவன் பெண்சாதி முனியம்மா மல்லாட்டைச் செடியில் கடலை ஆய்ந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

"நீங்க கண்ணால பாத்தீங்களாண்ணே?"

கதவைப் பார்த்தேன் என்றேன். அது திறக்கவில்லை என்றேன்.

உடல் இல்லாமலே ஆற்றில் கருமாதி நடந்தது. கரையில் கல் நட்டுச் சோறு படைப்போம். கடைசியில் பிடுங்கித் தண்ணீரில் விட்டுவிடுவோம். அப்போதுதான் போனவன் போய்ச் சேருவான். ஆறுமுகத்தின் அண்ணன் கல்லைப் பிடுங்கக் குனிந்தார். முனியம்மா அதைக் கட்டிக்கொண்டாள்.

"தண்ணியிலயே போனவரு. திரும்பவும் தண்ணியில தள்ள உடமாட்டேன்."

தையில் ஆற்றுத் திருவிழாவுக்குச் சாமிகள் வந்து இறங்குகிற இடம், சாவுக்கல் நிற்கலாமா என்று அண்ணன் கேட்டார். ஊருக்கு ஆகாது என்றார். அவள் கையை எடுக்கவில்லை. கல் நின்றது.

எனக்குத் தூக்கம் போயிற்று. கதவு சாத்தினால் மூச்சு முட்டும். எழுந்து திறப்பேன். திறந்திருக்கிறதா என்று மறுபடி எழுந்து பார்ப்பேன். ஆடி மாதத்தில் ஒரு நாள் நானும் ஒரு கல்லைத் தூக்கிப் போனேன். ஆறுமுகத்தின் கல்லுக்குப் பக்கத்தில் நட்டேன். யாருக்கு என்று முனியம்மா கேட்டாள். சப்மரைனுக்குள் இருந்தவர்களுக்கு என்றேன்.

அண்ணனுக்குச் சிரிப்பு. "ஜப்பான்காரனுக்குக் கேப்பைக் களி புடிக்குமாடா?"

அவள் சிரிக்கவில்லை. என் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிடுங்கி எறியப் போகிறாள் என்று நினைத்தேன்.

"தள்ளி வெய்யிங்க. அவரு பக்கத்துல வேணாம்."

பத்தடி தள்ளி நட்டேன்.

கார்த்திகை. விடாத மழை. பெண்ணையாறு இரு கரையும் தொட்டுப் போகிறது. கல் போயிருக்கும், போயிருக்கும் என்று ஓடுகிறேன். நட்ட இடத்தில் தண்ணீர். சுழித்துக்கொண்டு போகிறது. மேலே பார்க்கிறேன். மேட்டுப் பனைமரத்தடியில் ஆறுமுகத்தின் கல். பக்கத்தில் முனியம்மா, இடுப்புவரை சேறு. அவளைத் தாண்டி, தனியாக, இன்னொரு கல்.

இரண்டையுமா தூக்கினாய் என்று கேட்டேன்.

"தண்ணி ஏறிக்கினே வந்துச்சி. தூக்கினு வந்துட்டேன்." சேலையைப் பிழிந்தாள். "தள்ளித்தான் வெச்சிருக்கேன், பாத்துக்குங்க."

பார்த்தேன். அதே தூரம்.

போனவை: சரக்குக் கப்பல் ஒன்று. சப்மரைன் ஒன்று. எங்கள் பாய்லர் அறையில் ஏழு பேர், ஆறுமுகத்தோடு சேர்த்து. சப்மரைனுக்குள் எத்தனை பேர்? இன்றுவரை தெரியவில்லை. அத்தனை பேருக்கும் கல் ஒன்றுதான்.