முதல் சனம்

ஞாயிறு ஆராதனை முடிந்து, நெல்லியடியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில் இரண்டு பெண்கள் என் முன் இருக்கையில் இருந்தார்கள். ஐம்பதைத் தாண்டியவள் ஜன்னலோரம், இளையவள் பக்கத்தில். மூத்தவள் திடீரென்று கேட்டாள்:

“அப்ப கடவுளும் முதல் பெண்சாதியைத் தள்ளி வைச்சவரோ?”

“என்ன விசர்க்கதை, அக்கா? பாஸ்டர் கடவுளின்ரை முதல் சனம் இஸ்ரவேலைப் பற்றியெல்லோ சொன்னவர். அவை கீழ்ப்படியேல்லை. அதாலை அவையின்ரை இடத்திலை இப்ப சபை இருக்குது. நாங்கள்தான் புது இஸ்ரவேல்.”

“என்ரை மனிசனும் கனடாவிலை இருந்து இதைத்தான் சொன்னவர். இப்ப அங்கை இருக்கிறவள்தான் பெண்சாதியாம். நான் என்னத்திலை கீழ்ப்படியேல்லை, சொல்லு? அவற்ரை தாயை, அவ சாகும்வரைக்கும் நான்தானே பார்த்தனான்.”

இளையவள் மடியிலிருந்த வேதாகமத்தைப் புரட்டினாள். “தன்ரை சனத்தைக் கடவுள் கைவிடேல்லை எண்டும் இதிலை கிடக்கு, அக்கா.”

“பாஸ்டர் அதை வாசிக்கேல்லையே?”

“இல்லை.”

“எனக்கு ஒருக்கா வாசி.”

பஸ் இரைச்சலில் அவள் வாசித்தது எனக்குக் கேட்கவில்லை. மற்றவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

நல்லூரில் இளையவள் இறங்கினாள். தனித்திருந்தவள் தன் வேதாகமத்தை எடுத்து அவசரமாகப் புரட்டிவிட்டு, ஜன்னலால் தலையை நீட்டினாள்.

“தங்கச்சி, எத்தினையாம் பக்கம்?”

பஸ் புறப்பட்டுவிட்டது.