கேஸ் ஷீட்டில் ஒரு மணி நேரம்

"ஹலோ... ஆமாங்க சார், ஜோதிமணிதான் பேசறேன். கேஸ் ஷீட் என் கையிலதான் இருக்குது..."

பிரசவ வார்டின் தலைமை நர்ஸ் ஜோதிமணி அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். மறுமுனையில் மருத்துவமனை மேலாளர் ஆனந்தராஜ். காலையில் பிள்ளை பெற்ற பாகலூர் ரூபா, ரத்தப்போக்கு நிற்காமல் சற்று முன்புதான் இறந்திருந்தாள். ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள். குழந்தை பிழைத்துவிட்டது.

"ஆமா... ஆமாங்க. பத்தேகாலுக்கே போன் பண்ணிட்டேன். டாக்டரம்மா உள்ள நுழையறப்போ பதினொன்னேகால்... பத்தரைக்கே வந்துட்டாங்கன்னா? எப்படிங்க சார் போடறது?... இல்லைங்க... சார், சார், ஒரு நிமிஷம். ஞாயித்துக்கிழமையில நம்ம ரெண்டு ஆஸ்பத்திரிக்கும் ஒரே டாக்டர வெக்காதீங்கன்னு மூணு தடவ எழுதிக் குடுத்தனா இல்லையா?... ரெண்டு யூனிட் ரத்தமாவது கையில இருக்கட்டும்னேன். பாத்துக்கலாம்னீங்க... நான் கத்தலைங்க."

குரலைத் தாழ்த்திக்கொண்டாள். வெளியே ரூபாவின் அம்மா பாப்பம்மா, போகிற வருகிறவர்களிடமெல்லாம் மகளை எப்போது பார்க்கலாம் என்று கன்னடத்தில் கேட்டுக்கொண்டிருந்தாள். யாரும் இன்னும் சொல்லவில்லை.

"என்னது?... ஷீட்ட மாத்தற வரைக்கும் சொல்லக் கூடாதா? ஐசியூவுல இருக்குதுன்னு சொல்லணுமா?... சார், அந்தம்மா மகளுக்குக் கஞ்சி வாங்கி வெச்சிருக்குது சார்."

வெகுநேரம் அவர்தான் பேசினார்.

"...ஆமா. என் தப்பும் இருக்குது. இல்லைன்னு சொல்லலையே. லேபர் வார்டுல இருந்த ரெண்டு நர்சுல ஒருத்திய மாடி ஸ்பெஷல் ரூமுக்கு அனுப்புனது நான்தான். நீங்க சொன்னீங்க, நான் அனுப்புனேன். முடியாதுன்னு சொல்லியிருக்கணும்... அதையும் எழுதிட்டேன்... இல்லைங்க, பேனாவுலதான். கையெழுத்தும் போட்டாச்சு. விசாரணைக்கு வர்றவங்க கேட்டா இதத்தான் குடுப்பேன்."

"...வேலைதானே? எடுத்துக்கோங்க... என் புள்ளைங்கள நான் பாத்துக்கறேன்... சரி. சரிங்க... அடுத்த ஞாயித்துக்கிழமையும் இங்க யாராவது ஒருத்தி வந்து படுப்பா சார். அவளுக்காச்சும் ஒரு டாக்டர வைங்க."

பதிலுக்குக் காத்திருக்காமல் இணைப்பைத் துண்டித்தாள். கதவைத் திறந்து வெளியே போய், பாப்பம்மாவைக் கைப்பிடித்து உட்காரவைத்தாள். தனக்குத் தெரிந்த கொஞ்சக் கன்னடத்தில் சொல்லத் தொடங்கினாள்.