மோர் பெருக்குவது போல

என் பெயர் ஆண்டவர். வயது 56. தகப்பனார் பெயர் வீரமுத்து. பெரம்பலூர் துறையூர் சாலையில் பேட்டரி கடை வைத்து, கடைக்குப் பின்னாலேயே குடியிருந்து வருகிறேன். என் மனைவி ராசாத்தியின் தம்பி முத்தமிழ்செல்வன், வயது 41, ஆறு மாதமாக என்னுடன் கடையில் இருக்கிறார். ஆசிட் கலக்கும் வேலையை மட்டும் நான் அவரிடம் விட்டதில்லை. கேட்டால், "மாப்ள, இது எமன் வாய் கொப்பளிக்கிற சரக்கு, என் கைக்குத்தான் அடங்கும்" என்று சொல்லி வந்தேன். முறையைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

சென்ற செவ்வாய்க்கிழமை காலை என் மகள் சிந்துவைச் சென்னை ரயிலில் ஏற்றிவிட அரியலூர் போனேன். அதன் பிறகு பஸ் ஸ்டாண்டில் நின்றபோது, சுமார் 9.20 மணிக்கு முத்தமிழ்செல்வன் போன் செய்து, எறையூர் கரும்பு டிராக்டர்காரர் பேட்டரி கேட்டுக் குதிப்பதாகவும், கலந்து வைத்த ஆசிட் தீர்ந்துவிட்டதாகவும், கேனில் உள்ள கெட்டி ஆசிட்டை எப்படிக் கலப்பது என்றும் கேட்டார். சுற்றி நாலு பேர் நின்றதால் நான் சத்தமாக, "ஏன் மாப்ள, உங்கக்கா வூட்டுல மோர் பெருக்கிக் குடிச்சதில்லையா? அதே கதைதான். ஒண்ணுக்கு மூணு தண்ணி. ரெண்டு மாவட்டமும் ஆண்டவர் ஆசிட்டுலதான்டா ஓடுது, பேரைக் கெடுத்துடாத" என்றேன். அவர், "சரிங்க மாமா, உப்பு போடணுங்களா?" என்று கேட்டு வைத்துவிட்டார். நின்றவர்களும் சிரித்தார்கள்.

நான் சொன்னது அளவை மட்டும். அதன் பிறகு தாகமாக இருக்கவே, மோர் விற்கும் பாப்பாத்தி என்ற அம்மாளிடம் ஒரு டம்ளர் கேட்டேன். அவர் பானையில் கெட்டித் தயிரைக் கடைந்து, அதன் மேல் ஒரு செம்புத் தண்ணீரை மளக்கென்று ஊற்றினார். அதைப் பார்த்ததும்தான் எனக்கு உறைத்தது. ஆசிட்டுக்கு முறை தலைகீழ். முதலில் தண்ணீர், அந்தத் தண்ணீரில்தான் ஆசிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். ஆசிட்டின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்து முகத்தில் அடிக்கும்.

உடனே போன் செய்தேன். எடுக்கவில்லை. மோரை அப்படியே வைத்துவிட்டு பஸ் ஏறி, பதினேழு முறை செய்தேன். ராசாத்தியும் எடுக்கவில்லை. டிரைவரிடம் வேகமாகப் போகச் சொன்னேன். "முன்னாடி சிமெண்ட் லாரி போவுது, பறக்கச் சொல்றீங்களா?" என்றார். பஸ்ஸில் ஏறினால் இறங்கும் வரை பேசுகிற நான், மறுபடி மறுபடி போனையே அழுத்திக்கொண்டிருந்தேன். பாதி வழியில் ராசாத்தி எடுத்தாள். குழாய்த் தண்ணீர் கொட்டும் சத்தமும், அவள் தம்பியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் மட்டும் கேட்டது.

அதன் பிறகு மருத்துவமனைக்குப் போனேன். முத்தமிழ்செல்வனுக்கு இரண்டு கண்ணிலும் கட்டு. வலது கண் தப்பியது என்றும், இடது கண்ணைப் பற்றி வெள்ளிக்கிழமைதான் சொல்ல முடியும் என்றும் டாக்டர் சொன்னார். முத்தமிழ்செல்வன் என் கையைத் தடவிப் பிடித்து, "மாமா, நான் உங்களுக்கு போனே பண்ணல. நானாத்தான் ஊத்துனேன்னு போலீஸ்ல சொல்லிட்டேன். நீங்க வாயத் தொறக்காதீங்க" என்று காதில் சொன்னார்.

அவர் கொடுத்த வாக்குமூலத்தில் அந்த ஒரு இடம் பொய். 9.20 அழைப்பு உள்ள என் போனை இத்துடன் ஒப்படைக்கிறேன்.

நான் சொல்வதில் முக்கால் பங்கு தண்ணீர் என்று ஊரில் கழித்துக்கொண்டுதான் கேட்பார்கள். தாங்கள் கழிக்க வேண்டாம். எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். ஒரு சொட்டும் கலக்கவில்லை.

(ஒப்பம்) வீ. ஆண்டவர்