வரலாம், வரலாம்

வண்டியை முன்னால் ஓட்டுவதில் ஒன்றுமே இல்லை. கண் முன்னால் இருக்கிறது, கண்ணாடி முன்னால் இருக்கிறது, ரோடும் முன்னால்தான் இருக்கிறது. கொஞ்சம் தைரியமும் கொஞ்சம் டீசலும் இருந்தால் யார் வேண்டுமானாலும் ஓட்டிவிடலாம். பின்னால் எடுப்பதுதான் வித்தை. அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவன் ஸ்டீயரிங்கைப் பிடிப்பான். இன்னொருவன் வண்டிக்குப் பின்னால் நின்று அவனுக்குக் கண்ணாக இருப்பான். எங்கள் பிக்கப்பில் ஸ்டீயரிங் என் தம்பி, கண் நான்.

நீங்கள் இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து வந்திருக்கிறீர்கள். சுவரை அளந்தீர்கள், வண்டியின் பின்பக்கத்தைப் படம் பிடித்தீர்கள், நசுங்கிய விளக்குகளைக் குனிந்து குனிந்து பார்த்தீர்கள். தம்பியிடம் கேட்டதற்கு, "என் கவனக்குறைவுதான் சார்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான். விளக்கு எரிந்திருக்கிறது, கேமரா வேலை செய்திருக்கிறது, பிரேக்கில் கோளாறு இல்லை, பிறகு எப்படி இடித்தான் என்று உங்களுக்கு மண்டை குடைகிறது. விளக்கு மாட்டியவர் தலையில் பழியைக் கட்டிவிடலாமா என்றும் பார்க்கிறீர்கள். அது வேண்டாம். அவர் வேலை படு சுத்தம். நான் பலமுறை பிரித்துப் பார்த்திருக்கிறேன்.

முதலில் உட்காருங்கள். அந்தக் கமோடின் மேலேயே உட்காரலாம், புதுசுதான், விற்பனைக்கு வைத்திருப்பது. கமோடும் வாஷ்பேசினும் குளியல் தொட்டியும் விற்கிற கடையில் நாற்காலி மட்டும் கிடைக்காது.

எங்கள் பிக்கப் வாங்கும்போதே பழையது. முன்னால் இரண்டு சீட். ஒன்று தம்பிக்கு, ஒன்று எனக்கு. என் சீட்டில் ஒரு ஸ்பிரிங் வெளியே எட்டிப் பார்க்கும். எந்தப் பக்கம் சாய்ந்தால் அது குத்தாது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். சரக்கு இறக்க வேண்டிய இடம் வந்ததும் நான் இறங்கிப் பின்னால் போவேன். பாடியில் உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டினால் வரலாம். ஓங்கி ஒரு தட்டு தட்டினால் அப்படியே நிற்க வேண்டும். நடுவில் வாயாலும் சொல்லிக்கொண்டிருப்பேன். "வரலாம், வரலாம், ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் ஒடி, இன்னும் வரலாம்." எத்தனையோ சந்து, எத்தனையோ கேட். ஒரு கீறல் விழுந்ததில்லை. எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய தேவையும் வந்ததில்லை, அதற்குத்தான் தம்பி இருந்தானே.

இதையெல்லாம் கெடுத்தது தம்பி மனைவி. நல்ல பெண். கடையில் கல்லாவைப் பார்த்துக்கொள்பவள். ஒரு நாள் சாயங்காலம் நாங்கள் வண்டியைக் கடைக்குப் பின்னால் இருக்கிற முற்றத்தில் விடும்போது அவள் வாசலில் நின்று பார்த்திருக்கிறாள்.

"மாமா, நீங்க பின்னாடி நிக்கிறதே தெரியல. இருட்டிப் போச்சு. இவரு பாட்டுக்கு வந்துகிட்டே இருக்காரு, எனக்குப் பக்குன்னு ஆயிடுச்சு" என்றாள்.

நான் சிரித்தேன். ஆனால் அந்தச் சொல் நெஞ்சில் தைத்துவிட்டது. நான் நிற்பதே தெரியவில்லையாம். இத்தனை வருடம் நின்றவனைப் பார்த்து ஒருத்தி இப்படிச் சொல்கிறாள் என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குப் புரியாமல் இல்லை.

அடுத்த வாரமே பல்பு வந்தார். வண்டிகளுக்கு விளக்கு, ஹாரன், அது இது என்று மாட்டித் தருபவர். அவருடைய பெயரை யாரும் கேட்டதில்லை, எல்லோருக்கும் அவர் பல்புதான். கியரைப் பின்னால் தள்ளியதும் தானாக எரிகிற மாதிரி இரண்டு வெள்ளை விளக்குகளை பம்பருக்குக் கீழே மாட்டினார். தம்பி கியரைப் போட்டான். முற்றம் முழுக்கப் பால் கொட்டியது போல வெளிச்சம். பின்னால் நின்ற எனக்குக் கண் கூசியது.

"எப்படிண்ணே இருக்கு? இப்ப உன் செருப்பு வரைக்கும் தெரியுது" என்றான் தம்பி. அவன் முகம் அப்படி மலர்ந்திருந்தது.

"பிரமாதம்" என்றேன்.

நான் முதலில் செய்தது அந்த விளக்குகளில் சேறு பூசியது. சேறு இயற்கையானது, ரோட்டில் போகிற எந்த வண்டியிலும் ஒட்டும். நான் அதற்குக் கொஞ்சம் உதவி செய்தேன், அவ்வளவுதான். தம்பி துணியை நனைத்துத் துடைத்துவிட்டான். பிறகு ஒரு ஃபியூஸைப் பிடுங்கினேன். விரல் நகம் அளவு பிளாஸ்டிக் சமாச்சாரம். தூக்கி எறிய மனம் வரவில்லை. பொருளை வீணாக்குகிற பழக்கம் எனக்கு இல்லை, அதனால் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

பல்பு வந்தார். "ஃபியூஸ் எப்படிங்க காணாம போகும்? எரிஞ்சு போகும், கேள்விப்பட்டிருக்கேன். நடந்து போகுமா?" என்று தலையைச் சொறிந்தார். புதுசு போட்டார். எதற்கும் இருக்கட்டும் என்று மேலே இன்னும் இரண்டு விளக்கு மாட்டினார். நான் மறுபடி மறுபடி பிடுங்கினேன். அவர், வண்டி பின்னால் வரும்போது கூவுகிற ஒரு ஹாரன் வைத்தார். நான் அதன் வாயில் பஞ்சை அடைத்தேன். அடுத்ததாக ஒரு கேமராவும் தம்பி முன்னால் ஒரு குட்டித் திரையும் வந்தன. கேமராவின் கண்ணில் விரல் நுனியால் கொஞ்சம் கிரீஸ் தடவினேன். திரையில் உலகமே கண்புரை வந்தது போல மங்கிவிட்டது. தம்பி துடைத்தான். நான் சில நாள் விட்டு மறுபடி தடவினேன்.

நான் ஒன்றைக் கெடுத்தால் பல்பு இரண்டை மாட்டினார். கடைசியில் எங்கள் பிக்கப் பின்னால் வருவதைப் பார்த்தால் விமானம் தரையிறங்குகிறது என்றுதான் நினைக்கத் தோன்றும். இத்தனையையும் வைத்துக்கொண்டும் தம்பி என்னை இறக்கிவிட்டுத்தான் பின்னால் எடுத்தான். அது பழக்க தோஷம் என்று நினைத்தேன்.

இப்படி மாட்டிக்கொண்டே போனால் பேட்டரி என்ன செய்யும், பாவம். ஒரு நாள் காலையில் வண்டி கிளம்பவில்லை. பல்பு வந்து பானட்டுக்குள் தலையை விட்டுப் பார்த்தார். நான் வாஷ்பேசின்களுக்கு நடுவே தூசி தட்டிக்கொண்டிருந்தேன். ஜன்னல் திறந்திருந்தது.

"இத்தனை லைட்டுக்கு ஒரு பேட்டரி தாங்காதுங்க. இன்னொண்ணு வைக்கணும்."

"எங்க வைக்கிறது?" என்றான் தம்பி.

"பக்கத்து சீட்டைக் கழட்டினா கச்சிதமா உக்காரும்."

"அண்ணன் எங்க உக்காரும்?"

இதற்குப் பதில் சொன்னது தம்பி மனைவி. "மாமா கடையில இருக்கட்டுமே. ஃபேனுக்குக் கீழ நிம்மதியா உக்காரலாம். இந்த வயசுல அவரு எதுக்கு வெயில்ல அலையணும்?"

"யோசிப்போம்" என்றான் தம்பி.

எங்கள் வீட்டில் யோசிப்போம் என்றால் முடிந்துவிட்டது என்று பொருள். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து யார் எந்தக் கமோடைத் தட்டிப் பார்க்கிறார்கள் என்று வேடிக்கை பார்ப்பதா? வண்டி ஒரு வழியாகக் கிளம்பியதும், அன்று முழுக்க அவன் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். அவன் வழக்கம் போலத் தப்பு ராகத்தில் ஏதோ முனகிக்கொண்டே ஓட்டினான். இனி இந்த இடத்தில் ஒரு பேட்டரி உட்கார்ந்து இதைக் கேட்கப் போகிறது என்று நினைத்தபோது எனக்கு அழுகை வந்தது. வந்தது என்று சொல்வதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

மறுநாள் பல்பு வந்து பேட்டரி வைப்பதாக இருந்தது. அன்று சரக்குகளையெல்லாம் இறக்கிவிட்டுப் பொழுது சாயும் நேரத்தில் திரும்பினோம். ஒரு குளியல் தொட்டி மட்டும் பின்னால் மிச்சம் இருந்தது. அது பீங்கான் இல்லை, ஃபைபர், விழுந்தாலும் உடையாது. அதையும் நான் யோசித்துத்தான் வைத்திருந்தேன். நான் முரடன் இல்லை.

முற்றத்தில் இறங்கிப் பின்னால் போனேன். அத்தனை விளக்கும் பளீரென்று எரிந்தன. அந்தச் சுவர் தன் ஆயுளில் அவ்வளவு வெளிச்சத்தைப் பார்த்திருக்காது. இரண்டு தட்டு தட்டினேன். வண்டி வந்தது. எப்போதும் ஓங்கித் தட்டுகிற இடம் வந்தது. நான் தட்டவில்லை. சார், நான் செய்தது இவ்வளவுதான். செய்யாமல் விட்டது என்று வேண்டுமானால் சொல்லலாம்.

அப்படிப் பார்க்காதீர்கள். சரி, முழுவதையும் சொல்லிவிடுகிறேன். வண்டி அந்த இடத்தில் தானாகவே ஒரு நொடி தயங்கியது. தம்பி பிரேக்கில் கால் வைத்துவிட்டான். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "அண்ணே?" என்றான்.

"வரலாம், வரலாம். நிறைய இடம் இருக்கு. தைரியமா வா" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் ஒதுங்கிக்கொண்டேன்.

வந்தான். அவன் அரைகுறையாக வருகிறவன் இல்லை, வா என்றால் வந்துவிடுவான். மேலே இருந்த விளக்கு, கீழே இருந்த விளக்கு, கேமரா, கூவுகிற ஹாரன் எல்லாம் ஒரே நசுக்கில் போயின. தொட்டி பாடியின் மேலே ஏறிப் பறந்து போய்ச் சுவரோரத் தண்ணீர்க் குழாயை உடைத்துக்கொண்டு, ஒரு சேதமும் இல்லாமல் தரையில் நேராக உட்கார்ந்தது. உடைந்த குழாயிலிருந்து தண்ணீர் பீறிட்டு அதற்குள்ளேயே விழுந்தது. கடை திறந்த நாளிலிருந்து நாங்கள் யாருக்கும் அவ்வளவு கச்சிதமாகத் தொட்டி பொருத்திக் கொடுத்ததில்லை.

தம்பி இறங்கி வந்தான். தலை பின்னால் கம்பியில் மோதி வீங்கியிருந்தது. முதலில் என்னைத்தான் தொட்டுப் பார்த்தான், எங்கேயாவது அடிபட்டிருக்கிறதா என்று. பிறகு சுவரைப் பார்த்தான்.

"திரையில சுவரு நல்லாவே தெரிஞ்சுதுண்ணே. நிக்கணும்னு காட்டுற செவப்புக் கோடு இருக்கே, அதையும் தாண்டிருச்சு."

"அப்புறம் ஏன்டா வந்தே?"

"நீ வரலாம்னு சொன்னியே. கேமராதான் மறுபடி மக்கர் பண்ணுதுன்னு நெனச்சேன். அது எத்தனையோ தடவை ஏமாத்தியிருக்கு. நீ ஒரு தடவைகூட ஏமாத்தினதில்லையே."

எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். இதைக் கேட்கத்தானே இத்தனை பாடும். தொட்டியை நகர்த்தலாம் என்று குனிந்தேன். அப்போது என் சட்டைப் பையிலிருந்து ஃபியூஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தண்ணீரில் விழுந்தன. சிவப்பு, மஞ்சள், நீலம் என்று தொட்டியின் அடியில் அழகாகக் கிடந்தன. தம்பி முழங்கை வரை கையை விட்டு அவற்றைப் பொறுக்கினான். உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தான். பிறகு என் பையிலேயே திரும்பப் போட்டான், ஈரத்தோடு.

சத்தம் கேட்டுத் தம்பி மனைவி ஓடி வந்தாள். "என்னாச்சு? மாமாவுக்கு ஒண்ணும் இல்லையே?" என்று அலறினாள்.

"என் தப்புதான். பாக்காம வந்துட்டேன்" என்றான் அவன்.

அதையேதான் உங்களிடமும் சொல்லியிருக்கிறான். அது உண்மையில்லை. அவன் பார்த்துத்தான் வந்தான். ஃபியூஸைப் பிடுங்கியது நான், பஞ்சை அடைத்தது நான், சுவர் இருக்கிறது என்று தெரிந்தே வா என்று கூப்பிட்டதும் நான். இன்சூரன்ஸ் கிடைக்காது என்றால் கிடைக்காமல் போகட்டும். அதைப் பற்றி நாங்கள் வீட்டில் பேசிக்கொள்கிறோம்.

மற்றபடி எல்லாம் நான் நினைத்தபடியே நடந்திருக்கிறது. பல்பை வரவேண்டாம் என்று தம்பியே சொல்லிவிட்டான். பின்கதவைக் கயிற்றால் கட்டிக்கொண்டு வண்டி ஓடுகிறது. விளக்கும் இல்லை, திரையும் இல்லை, பேட்டரி ஒன்றுதான். என் சீட்டில் நான்தான் உட்கார்ந்து போகிறேன். அவன் முனகுவதில்லை, தலைவலி இன்னும் இருக்கிறது போலிருக்கிறது.

ஒரே ஒரு சின்ன மாற்றம். நான் இறங்கிப் பின்னால் போய் இரண்டு தட்டு தட்டி, வரலாம் என்கிறேன். அவன் இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்குகிறான். பின்னால் வந்து, எனக்குப் பக்கத்தில் நின்று, எவ்வளவு இடம் இருக்கிறது என்று தன் கண்ணாலேயே பார்க்கிறான். என்னிடம் ஒன்றும் கேட்பதில்லை. போய் ஏறிப் பின்னால் எடுக்கிறான். பாதியில் நிறுத்தி மறுபடி இறங்கி வந்து பார்க்கிறான். நான் வரலாம், வரலாம் என்று சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். அத்தனை விளக்கும் கேமராவும் கற்றுக்கொடுக்காத நிதானம் இப்போது அவனுக்கு வந்துவிட்டது, அதைக் கற்றுக்கொடுத்தது அவன் அண்ணன்தான் என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.