டயர் எண்ணெய்

இரண்டு வேளையும் குளிக்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது சார். டயர் தொழிலுக்கு வந்தபின் மூன்று வேளை ஆகிவிட்டது.

அடி அண்ணாமலை தாண்டி, கிரிவலம் போகிறவர்கள் கண்ணில் படாத இடத்தில் என் ஆலை. பழைய டயரைக் கண்ட இடத்தில் எரிக்காதே, மறுசுழற்சி செய் என்று அரசு சொன்னது. நல்ல திட்டம், நான் குறையே சொல்லமாட்டேன். பஸ் அளவு இரும்பு டிரம்மில் டயரை அடைத்து, மூடி, அடியில் தீ கொடுத்தால் எண்ணெய் பிரிந்து குழாயில் வரும். டயரை இயந்திரம்தான் உள்ளே தள்ள வேண்டும், ஆள் இறங்கக் கூடாது என்பது எனக்கு உரிமம் கொடுத்தபோது போட்ட நிபந்தனை. என் இயந்திரம் பழுது. என்னிடம் கூலிக்கு இருந்த முருகவேல்தான் டிரம்முக்குள் தவழ்ந்து போய் அடுக்குவான்.

அவனைப் பார்த்தாலே எனக்குக் குமட்டும். காது மடிப்பெல்லாம் கரி. துப்பினால் தார் மாதிரி சளி. அவன் தொட்ட குழாயை நான் தொடமாட்டேன்.

"நெஞ்சு எரியுதுண்ணா, கொஞ்ச நாளு வெளி வேலை குடுங்க" என்று கேட்டான். அந்த முகத்தை நாள் முழுக்க எதிரில் வைத்துக்கொள்ள முடியாது. மறுத்துவிட்டேன்.

அன்று அவன் உள்ளே அடுக்கிக்கொண்டிருந்தபோது ஆய்வு அதிகாரிகளின் ஜீப் வந்தது. அந்தக் கோலத்தில் அவன் வெளியே வந்தால் ஆலைக்கு சீல் வைத்துவிடுவார்கள். "சத்தம் போடாம இரு, அவங்க போனதும் தொறக்கறேன்" என்றேன்.

"சரிண்ணா" என்றான். டிரம்மின் கதவைச் சாத்தி போல்ட்டை முறுக்கினேன்.

அதிகாரி சுற்றிப் பார்த்துவிட்டு, "ஓட்டிக் காமிங்க" என்றார்.

மறுத்தால் சந்தேகம் வரும். பர்னரை நானே பற்றவைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் தட்டுகிற சத்தம்.

"என்னங்க அது?"

"இரும்பு சூடேறினா அப்படித்தான் சார். விரியுது."

புகை கம்மியாக இருக்கிறது என்று பாராட்டினார். அவர்கள் டீ குடித்து முடிப்பதற்குள் சத்தம் நின்றுவிட்டது.

மத்தியானம் அவன் மனைவி பாஞ்சாலை தூக்குச்சட்டியோடு வந்தாள். "அவரு எங்கண்ணா?"

"காலையிலயே கிளம்பிட்டானேம்மா."

அவள் புடவையிலும் அதே வாடை. முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

என்னை அப்படிப் பார்க்காதீர்கள் சார். அன்றைக்கு அந்த டிரம்மில் இறங்கிய எண்ணெயை நான் விற்கவில்லை. தனியாகப் பிடித்துக் கொட்டிவிட்டேன். அந்த அளவுக்கு மனசாட்சி இல்லாதவன் இல்லை நான்.