அணிலுக்கு விரதம்

சனிக்கிழமை காலை பட்டர்வொர்த்திலிருந்து புறப்பட்ட ஃபெரியில், எனக்கு முன்னால் ஒரு பெண் தன் தோழியிடம் பொரிந்துகொண்டிருந்தாள்.

"எங்க வீட்டு சுகர் கிளைடருக்கு நேத்து விரதமாம், அக்கா!"

"அந்தப் பறக்குற அணிலுக்கா?"

"ஆமா. நான் நைட் ஷிஃப்டு போயிட்டேன். வெள்ளிக்கிழமை வீட்டுல புழு போட்டா பாவம்னு இவரு வெறும் பப்பாளியை வச்சிருக்காரு. ஆசைப்பட்டு வாங்குனது அவரு, தினமும் புழுவைத் தொட்டு ஊட்டுறது நானு! காலையில கதவைத் திறந்தா பாய்ஞ்சு வந்து என் தோள்ல ஒட்டிக்கும். இன்னிக்குப் பாயவே இல்லக்கா, சுருண்டு கிடக்குது."

"தெரியாம செஞ்சிருப்பாரு லா."

"புண்ணியத்துக்குச் செஞ்சாராம்! அதான் நான் புழு வாங்கக் கிளம்பிட்டேன். அடுப்பே பத்தவைக்கல. புண்ணியம் வேணுங்கிறவரு அவரே பட்டினி கிடக்கட்டும்!"